வந்தது வந்தபடி

ஆயுத பூஜை முடிந்து மில் திறந்த காலையில், கம்ப்யூட்டரின் முதுகில் சந்தனம் அப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு என் சிநேகிதி போட்ட சத்தம் பஞ்சுக் குடோன் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். பூஜை போட்டவர் எங்கள் ஆபீஸ் கணக்கர். திரைக்கு ஒரு பொட்டு, கீபோர்டுக்கு ஒரு பொட்டு. பிறகு பின்பக்கத்துக் கேபிளைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒன்பது ஊசி நிற்கும் அந்தச் சின்னச் சொருகுவாய்க்கும் மூன்று விரலால் தாராளமாக ஒன்று. பக்தியில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொருகுவாய்தான் சீரியல் போர்ட். ஷெட்டில் ஓடும் பன்னிரண்டு நூற்பு இயந்திரங்களும் சொல்வதெல்லாம் அந்த வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குள் வந்தாக வேண்டும். அன்று காலை ஒன்றும் வரவில்லை.

"சாமி கும்புடுறவுக நெத்தியில வைப்பாகளா, வாய்க்குள்ள வச்சு அடைப்பாகளா?" என்றாள்.

"விடும்மா, சந்தனந்தான. மங்கலமான பொருளு."

"உங்க காதுல ஒரு உருண்டை வச்சு அடைக்கேன். மங்கலமா இருங்க."

அவருக்கு அவளுடைய அப்பா வயது. அவள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. என்னிடம் ஒரு ஊக்கு வாங்கிக்கொண்டு, ஒரு மூடி பெட்ரோலை வைத்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒன்பது ஊசியையும் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தாள். முக்கால் மணி நேரம் கை ஓயவில்லை. வாயும் ஓயவில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்காமல் எழுதினால் தப்பு. கேட்கிற முகம் எனக்கு இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அருப்புக்கோட்டைக்கு வெளியே இருந்த அந்த நூற்பாலையில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவள் எலக்ட்ரிக்கல் செக்‌ஷனில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்த ஒரே பொம்பளை. மல்லாங்கிணற்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அங்கே அவள் அப்பாவுக்கு மளிகைக்கடை. என்னைவிட நான்கு வயது மூத்தவள் என்றாலும் வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வோம். ஆபீசிலும் ஷெட்டிலும் எங்கள் இரண்டு பேரைத் தவிர நூல் ஓட்டாத பெண்கள் கிடையாது. அதனால் வேறு வழியில்லாமல் சிநேகிதிகள் ஆனோம்.

பிரேம் என்றுதான் நூற்பு இயந்திரத்தைச் சொல்வோம். ஒவ்வொரு பிரேமின் தலைமாட்டிலும் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி வைத்தாள். உள்ளே நாற்பது கால் உள்ள ஒரு சில்லு. மைக்ரோகன்ட்ரோலர் என்று முழுப்பெயரையும் சொல்வாள், சுருக்க மாட்டாள். பிரேம் நின்றால் பெட்டி ஒரு வரி அனுப்பும். ஓடினால் ஒரு வரி அனுப்பும். அந்தப் பெட்டியின் வரிசை எண், பிரேம் நம்பர், மணி, நின்றதா ஓடியதா, எந்தப் பொத்தானை அமுக்கியதால் என்பது. பிரேமிலேயே இருக்கும் பொத்தான் என்றால் ஒரு எழுத்து, ஷெட்டின் கோடியில் சூப்பர்வைசர் நிற்கும் இடத்துப் பலகை என்றால் வேறு எழுத்து. பன்னிரண்டு பெட்டிகளின் வயரும் ஓரிடத்தில் சேர்ந்து ஒரே கேபிளாக ஆபீசுக்கு வரும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் வரிவரியாக ஏறும். அதைப் பிரேமுக்கு ஒரு கோப்பாகச் சேர்த்து வைப்பது என் வேலை.

முதல் வாரம் திரையில் வந்ததெல்லாம் சிரித்த முகமும் இதயமும் ஸ்பேடும்தான். சீட்டுக்கட்டைக் கொட்டியதுபோல இருந்தது. மேனேஜர் யாரோ விருந்தாளியைக் கூட்டிவந்து காட்டினார். "பாத்தீங்களா, மெசின் பேசுது" என்றார்.

அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "பேசல சார். உளறுது."

விருந்தாளி சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை.

அனுப்புகிறவன் எந்த வேகத்தில் அனுப்புகிறானோ அதே வேகத்தில் வாங்குகிறவன் வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு எழுத்தை இன்னொரு எழுத்தாக எடுத்துக்கொள்வான் என்று எனக்கு விளக்கினாள். பெட்டிக்குள் இருக்கும் கிரிஸ்டல்தான் அந்த வேகத்தைத் தீர்மானிக்கிறது. அவள் எழுதிக்கொடுத்தது பதினொன்று புள்ளி பூஜ்யம் ஐந்து ஒன்பது இரண்டு மெகாஹெர்ட்ஸ். மதுரைக் கடைக்காரர் கொடுத்தனுப்பியது பன்னிரண்டு. மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறினாள். நானும் சேலை எடுக்க வேண்டும் என்று கூடப் போனேன்.

"எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதாம்மா" என்றார் கடைக்காரர்.

"கிட்டத்தட்டன்னா? சாயங்காலம் நீங்க உங்க வீட்டுக்குப் போவீகளா, கிட்டத்தட்ட உங்க வீட்டுக்குப் போவீகளா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சேலைக்கடைக்குப் போகும் ஆசையே போய்விட்டது. பன்னிரண்டு கிரிஸ்டலையும் மாற்றிக்கொண்டு வந்து, இரண்டு நாள் பற்றவைத்து, மூன்றாம் நாள் கேபிளைச் சொருகினாள். முதல் சரியான வரி திரையில் ஏறியது. ஐந்தாம் பிரேம், பத்து மணி பன்னிரண்டு நிமிடம், நின்றது. நான் ஷெட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐந்தாம் பிரேம் நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்து சொன்னபோது அவள் முகத்தில் வந்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் பார்த்தவற்றில் அதுதான் பெரிய சிரிப்பு. உடனே அதை அடக்கிக்கொண்டு, "இனிமே வந்தது வந்தபடி இருக்கணும். ஒரு எழுத்தைத் தொட்டேன்னு வையி, உன் கையை ஒடிச்சிருவேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் எதையும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை என்பது அவளைப் பெண் பார்க்க வந்த அன்று தெரிந்தது.

சாத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பாங்கில் வேலை. நல்ல குடும்பம். என்னைத் துணைக்கு வரச்சொல்லியிருந்தாள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு என்ன வயசாகுது?" என்று கேட்டார். "இருபத்தஞ்சு முடிஞ்சு இருபத்தாறு நடக்கு" என்றார் அவள் அம்மா. காபித் தட்டோடு வந்தவள் நடுக்கூடத்தில் நின்று, "இருபத்தெட்டு முடிஞ்சிருச்சு" என்றாள்.

அவள் ஒவ்வொருவருக்கும் காபி கொடுத்தாள். மாப்பிள்ளைக்கும் கொடுத்தாள். அவர்கள் குடித்துவிட்டு, வீட்டில் கலந்துபேசிச் சொல்கிறோம் என்று போனார்கள். அவள் அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"மூணு வயசுடி. யாரு கண்டா? அந்தம்மா எப்படி அழுறாக பாரு."

"எங்க அம்மா அழுறாகன்னு என் வயசு குறையுமா?"

"பின்னால தெரிஞ்சிரும்னு பயமா?"

"பின்னால எதுக்கு? சொல்லும்போதே அது பொய்தான்."

அந்தம்மாவின் அழுகை சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. எனக்கு அது மன்னிக்க முடியாததாக இருந்தது. இப்போதும் அதை மன்னிக்கிறேனா என்று தெரியவில்லை.

பெட்டிகள் எதற்காக வந்தன என்று அவளுக்குச் சொன்னது ஒன்று. இயந்திரம் எப்போது பழுதாகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஷெட் வாசலில் இருந்த போர்டில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது. எந்தப் பெண்ணின் பிரேம் எத்தனை நிமிடம் நின்றது, அதிகமாக நிறுத்தியவர் முதலில். சைடர்கள் என்று சொல்லப்படும் அந்தப் பெண்கள் எல்லாம் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். மழை பொய்த்த காட்டை நம்ப முடியாமல் மில்லை நம்பி வந்தவர்கள். பாதிப்பேருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். தங்கள் பெயரை மட்டும் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு முகம் செத்து நின்றார்கள்.

அவள் போர்டிலிருந்து அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

"இது மெசினுக்கு வச்சது சார். ஆளுக்கு வைக்கல."

"மெசினை ஓட்டுறது ஆளுதானம்மா."

"கரண்டு எறங்கி ஏறுனா பிரேம் தானா நிக்கும். அதுக்கு அந்தப் புள்ளைக என்ன செய்யும்? பேரைப் போட்டு ஒட்டுறதுக்கு முன்னாடி எதுனால நின்னுச்சுன்னு பாத்தீகளா?"

ஒரு வாரத்தில் மின்சாரம் இறங்குவதையும் பெட்டி தனி எழுத்தாக அனுப்பும்படி செய்தாள். பாதிக்கும் மேற்பட்ட நிறுத்தங்கள் மின்சாரத்தால்தான் என்று தெரிந்தது. பட்டியல் போர்டுக்குத் திரும்ப வரவில்லை. தான் ஜெயித்துவிட்டதாக அவள் நினைத்தாள். அது போர்டிலிருந்து இறங்கி, மேனேஜரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் போய்ச் சேர்ந்திருந்தது. தினமும் காலையில் சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டித்தான் திட்டினார். எனக்குத் தெரியும். தினமும் அதை அச்சடித்துக் கொடுத்தவள் நான்தான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டை போடுவாள், சண்டை போட்டால் எனக்குத் தலைவலி. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஒன்றுமில்லை.

பாண்டியம்மாளுக்குப் பத்தொன்பது வயது. திருச்சுழி தாண்டி ஒரு சின்ன ஊர். ஒன்பதாம் பிரேம் அவளுடையது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் பல்சக்கரத்தில் பஞ்சு சுற்றிக்கொண்டது. பிரேமை நிறுத்தி, மூடியைத் திறந்து, கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குச் சற்று முன்னால்தான் மின்சாரம் இறங்கி அந்த வரிசையில் வேறு சில பிரேம்கள் நின்றிருந்தன. கோடியில் இருந்த சூப்பர்வைசர் மணி அடிக்காமல், எட்டிப் பார்க்காமல், பலகையில் இருந்த பொத்தானை அமுக்கி வரிசையை மொத்தமாக ஓடவிட்டான். பாண்டியம்மாளின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

நான் ஷெட்டுக்குப் போகவில்லை. சத்தம் கேட்டது, போகவில்லை. அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பெண் தன் தாவணியைக் கிழித்து அவள் கையில் சுற்றியிருந்தாள். அந்தத் துணியின் நிறம் என்னவாக இருந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு மேனேஜர் என் மேஜைக்கே வந்தார். எப்போதும் கூப்பிட்டனுப்புகிறவர்.

"ஏம்மா, ஒம்பதாம் நம்பர்ல நேத்து ரெண்டு வரி தப்பா விழுந்திருக்கு. எடுத்திரு."

"தப்பா சார்?"

"தப்புத்தான். கரண்டு ஏறி எறங்குனதுல உளறியிருக்கும். அந்தப் புள்ள ஓடுற மெசின்ல கையை விட்டுருக்கு. ரிப்போர்ட்டு அப்படித்தான் போகுது. அதுக்கு மாறா ஒண்ணு இருக்கக் கூடாது பாரு."

உளறல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது உளறல் இல்லை. நாலாயிரத்து நூற்றுப் பதினேழு: ஒன்பதாம் பிரேம் நின்றது, பிரேமின் பொத்தான். நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு: ஒன்பதாம் பிரேம் ஓடியது, கோடிப் பலகை. இரண்டுக்கும் இடையே மூன்று நிமிடம். நான் கோப்பைத் திறந்தேன். ஒரு வரி அழிய இரண்டு விசை. இரண்டு வரிக்கு நான்கு விசை. மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நல்ல புள்ள" என்றார்.

அந்த வார்த்தையை யார் யாரிடம் சொன்னாலும் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

அக்கா பிள்ளைக்குக் காது குத்து என்று லீவில் போயிருந்தவள் அன்று மத்தியானம் வந்தாள். வாசலிலேயே பெண்கள் சொல்லிவிட்டார்கள். பையை வைக்கக்கூட இல்லை. என் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றபடியே கோப்பைப் பார்த்தாள். நாலாயிரத்து நூற்றுப் பதினாறு. அதற்கு அடுத்து நாலாயிரத்து நூற்றுப் பத்தொன்பது.

"நடுவுல ரெண்டு எங்க?"

நான் கீபோர்டைத் தள்ளிவைத்தேன்.

"எங்கடி ரெண்டு?"

"மேனேஜர் சொன்னாரு."

"அழிச்சது அவரு விரலா, உன் விரலா?"

நான் அழ ஆரம்பித்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பி படிக்கிறான், இந்த வேலை போனால் என்ன செய்வேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு மறந்துபோயிருந்த ஒன்று அவளுக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்ன பேட்டரி உண்டு. கேபிள் அறுந்தாலும் செய்தி போய்விடக் கூடாது என்று, கடைசி இருநூறு வரிகளைப் பெட்டி தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். புதியது வர வரப் பழையது அழியும். ஒன்பதாம் பிரேமை அன்று காலையிலிருந்தே வேறொரு பெண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட ஓட, அந்த இரண்டு வரிகளும் அழிவை நெருங்கிக்கொண்டிருந்தன. அவள் திருகாணியைக் கழற்றி, பெட்டியை எடுத்து, சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள்.

கேட்டில் நடந்ததை வாட்ச்மேன் தாத்தா பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். "என்னம்மா கூடையில?" என்று வழக்கம்போலக் கேட்டாராம். வேறு யாராக இருந்தாலும் ரிப்பேருக்கு என்று சொல்லியிருப்பார்கள்.

"ஒம்பதாம் பிரேம் பெட்டி. ஆபீசுல அழிச்சதை இது வச்சிருக்கு. அதான் கொண்டுபோறேன்."

அவருக்கும் பாண்டியம்மாள் ஊர்ப்பக்கம்தான். "நான் ஒண்ணும் பாக்கல தாயி. நீ போ."

"ஏன் பாக்கல? கண்ணு தெரியலையா? பாத்தேன்னு நோட்டுல எழுதுங்க."

அவர் பயந்துகொண்டே எழுதினார். ஒன்பதாம் பிரேம் பெட்டி ஒன்று வெளியே சென்றது, எடுத்துச் சென்றவர் இன்னார், மணி இரண்டு இருபது. அவள் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தாள்.

மேனேஜர் அன்று மாலையே போலீசில் திருட்டுப் புகார் கொடுத்தார். அன்றைக்கே அவளைக் கூட்டிப்போய், மறுநாள் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். மளிகைக்கடையை அடைத்துவிட்டு அவள் அப்பா வந்து, "குடுத்துட்டு வந்துரும்மா, நமக்கெதுக்கு ஊரு வம்பு" என்று கெஞ்சினாராம். அவள் அவரையும் திட்டினாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம், "பெட்டியைத் தரேன் சார். ஆனா துணியில சுத்தி சீல் வைங்க. வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுங்க. விசாரணைக்கு வர்ற ஆபீசர்தான் பிரிக்கணும்" என்றாள். அவள் தொல்லை தாங்காமல்தான் சீல் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நியாயத்துக்காக யாரும் வைக்கவில்லை.

எட்டு நாள் கழித்து மேனேஜரின் அறையில் விசாரணை. தொழிற்சாலை ஆய்வுத் துறையிலிருந்து வந்த அதிகாரி ஒல்லியான மனிதர். எதையும் இரண்டு தடவை படிப்பார். பாண்டியம்மாளும் அவள் அப்பாவும் சுவரோரம் நின்றார்கள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. என் சிநேகிதிதான் இரண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள், தரை கிறீச்சிடும்படி.

சீலைப் பிரித்தார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சார், இது அதே பெட்டிதான்னு என்ன நிச்சயம்? இந்தம்மாவே செய்யிற பெட்டி. வீட்டுல வேற ஒண்ணு செஞ்சு கொண்டாந்திருக்கலாம்."

அதிகாரி தன் காகிதங்களில் ஒன்றை எடுத்து இரண்டு தடவை படித்தார். "நீங்க குடுத்த புகார்ல, ஒன்பதாம் எண் பிரேம்ல இருந்த பெட்டியைத் திருடிட்டுப் போனாங்கன்னு எழுதியிருக்கீங்க. கேட் நோட்டுலயும் அப்படித்தான் இருக்கு. அன்னைக்கே போலீஸ்காரங்க போயி அவங்க வீட்டுல இருந்து கூட்டிட்டு வந்திருக்காங்க. அப்ப இது வேற பெட்டியா?"

மேனேஜர் தன் புகார்க் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"நீங்க தொட வேண்டாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு அதிகாரி என்னைப் பார்த்தார். "ஆபரேட்டர் நீங்கதானே? நீங்க படிங்க."

கேபிளைப் பெட்டியில் சொருகினேன். முதல் தடவை ஊசி ஓட்டையில் இறங்கவில்லை. இரண்டாம் தடவை இறங்கியது. கட்டளையைத் தட்டினேன். பச்சை வரிகள் ஒவ்வொன்றாக ஏறின. பழையது முதலில். நாலாயிரத்துத் தொண்ணூற்றெட்டிலிருந்து தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பிரேமை ஓட்டியிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. நூற்றுப் பதினாறு வந்தது. நூற்றுப் பதினேழு வந்தது. நூற்றுப் பதினெட்டு வந்தது. நான் சத்தமாகப் படித்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அதிகாரி கம்ப்யூட்டர் கோப்பின் அச்சுப்பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இந்த ரெண்டும் இதுல ஏன் இல்ல?"

மேனேஜர் என்னையே பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொன்னாலும் உண்மை சொன்னாலும் அவளுக்கு இனி ஒன்றுமில்லை, வரி வந்துவிட்டது என்பதுபோல. அது எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தில்தான் வாய் திறந்தது.

"நான் அழிச்சேன் சார்."

"தானாவா?"

"மேனேஜர் சொல்லி அழிச்சேன்."

பாண்டியம்மாள் மேல் தவறில்லை என்று எழுதப்பட்டது. சட்டப்படி வரவேண்டியது அவளுக்கு வந்தது. விரல் வரவில்லை. திருட்டுப் புகார் வாபஸ் ஆனது. பெட்டி செய்தவளுக்கும் எனக்கும் ஒரே நாளில் வேலை போனது. மேனேஜர் வேறொரு மில்லுக்கு, கூடுதல் சம்பளத்துக்குப் போனார் என்று கேள்வி. இதை எழுதும்போதும் பேனா அழுந்துகிறது.

வேலையை விட்டு வெளியே வந்த அன்று இருவரும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அவள் பஸ்ஸுக்கு நான் காத்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நானே கேட்டேன்.

"நானும் சொன்னேன்ல."

"சொன்னே. கேட்டப்புறம் சொன்னே."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்த்தது ஒரே ஒரு முறை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "பாண்டியம்மாளைப் பாக்கப் போறேன். வர்றதுன்னா வா." கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருப்பதாக பஸ்ஸில் சொன்னாள். வேறெதுவும் பேசவில்லை. திருச்சுழியில் இறங்கி, சீமைக்கருவேலத்துக்கு நடுவே போகும் மண்ரோட்டில் வெயிலில் நடந்தோம்.

பாண்டியம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இடது கையால் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அவள் அம்மாதான் பதறிப்போய்ப் பாய் விரித்தார். "இந்தப் புள்ளதான் நமக்காக ஸ்டேஷன்ல உக்காந்திருந்தது" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார். "மகராசியா இருக்கணும்."

"நீங்க உள்ள போங்கம்மா" என்றாள் பாண்டியம்மாள். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, அந்தப் பெட்டியைச் செஞ்சது நீங்கதான?"

"நான்தான்."

"அது வர்றதுக்கு முன்னாடி, பஞ்சு சுத்துனா நிப்பாட்டிட்டு சூப்பர்வைசரைக் கூப்புடுவோம். அவரு வந்து நின்னு, எடுத்தப்புறம் ஓடவிடுவாரு. பெட்டி வந்தப்புறம் அவுக ஒருத்தரும் வரல. 'ஒவ்வொரு நிமிசமும் அங்க விழுகுது, சீக்கிரம் எடு, சீக்கிரம் எடு'ன்னு கத்துவாக. காலைல மேனேஜர் ரூமுக்குப் போயிட்டு வந்தா இன்னும் கத்துவாக. அன்னைக்கும் அதான். நிமிசம் விழுகக் கூடாதுன்னு எட்டிக்கூடப் பாக்காம அமுக்கிட்டான்."

எனக்கு அந்தக் காலைப் பட்டியல் கண்முன் வந்தது. அதை அச்சடித்தது நான் என்று இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

"நீங்க செஞ்ச உதவிக்கு எங்க அம்மா கும்புடுறா. எனக்குக் கும்புடத் தோணல" என்றாள் பாண்டியம்மாள். குரல் உயரவில்லை. "பெட்டியை வச்சது நீங்க."

அவள் எதற்கும் பதில் சொல்லாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. மெசினுக்குத்தான் வைத்தேன், ஆளுக்கு வைக்கவில்லை என்று சொல்லலாம். போர்டிலிருந்து கிழித்ததைச் சொல்லலாம். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் ஓடுகிற இயந்திரத்தில் கை விட்டாய் என்று உன்னையே குற்றம் சொல்லியிருப்பார்கள் என்று சொல்லலாம். எல்லாமே உண்மை. நானாக இருந்தால் அத்தனையையும் சொல்லியிருப்பேன்.

"ஆமா," என்றாள். "நான்தான் வச்சேன்."

அதற்குப் பின்னால் 'ஆனா' என்று ஒரு வார்த்தை வரும் என்று பாண்டியம்மாள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். வரவில்லை.